நாற்பதா, நூறா?

சென்னை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போனோம். கத்திரி வெயில். இன்சுலின் பேனாவைத் தம்பியின் ஸ்கூட்டர் டிக்கியிலேயே விட்டுவிட்டு மூன்று மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்கினேன். லண்டனில் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டே திரிந்த பழக்கம்.

மதியம் பிரியாணி, அதற்கான ஊசி. நாலு மணிக்கு செல்போன் அலறியது: சர்க்கரை 16.8, லண்டன் கணக்கில். இன்னொரு ஊசி போட்டேன். ஐந்து மணிக்கும் போனில் சர்க்கரைக் கோடு இறங்குகிற வழியாய் இல்லை. சர்க்கரையை அளக்கக் கையில் ஒட்டியிருக்கும் சென்சாரின் கணக்கெல்லாம் லண்டன் கிளினிக்கின் திரைக்கும் போகும். கூப்பிட்டேன். அங்கே பகல் பன்னிரண்டரை. சாதாரண இருமலுக்கு டாக்டரைப் பிடிக்க நாள்கணக்கில் காத்திருக்க வைக்கும் ஊர். இந்த நர்ஸ் மட்டும் பத்தே நிமிடத்தில் கோட்டைப் பார்த்துவிட்டு, விரலைக் குத்திப் பார்க்கச் சொன்னார், கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்கச் சொன்னார். நல்லவேளை, கீட்டோன் இல்லை. “ரெண்டு ஊசிக்கும் கோடு அசையவில்லை. மருந்து வெயிலில் கெட்டிருக்கும், புதிதாக வாங்குங்கள்.” கைவசம் வேறு பேனா கிடையாது. என் முட்டாள்தனம்தான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன மருந்துக்கடை. பெரியவர் ஒருவர் இருந்தார்.

“சுகர் எவ்ளோ தம்பி?”

“பதினாறுங்க.”

மேலும் கீழும் பார்த்தார். பதினெட்டால் பெருக்கி இந்த ஊர்க் கணக்கில் சொன்னேன். “முந்நூறுன்னு சொல்லு. பயமுறுத்துறியே!”

கிளினிக் கடிதத்தைப் போனிலேயே படித்தார். என் பேனா அவரிடம் இல்லை. குப்பி இன்சுலின்தான் இருந்தது. அது மெதுவாக வேலை செய்யும், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும், அவசரப்பட்டு மேலே மேலே போடக்கூடாது என்று சொல்லி நர்ஸ் போனிலேயே சம்மதித்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

“ஊசி வேணுமா?”

“என்கிட்டயே இருக்குங்க.” அவசரத்துக்கென்று லண்டனிலிருந்து கொண்டுவந்ததைக் காட்டினேன். ஆரஞ்சு மூடி.

குப்பியைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இது நாப்பது. உன்னுது நூறு. உன் ஊசியில இதைப் பத்து இழுத்தா உடம்புக்கு நாலுதான் போவும்.” சிவப்பு மூடி ஊசியை எடுத்து வைத்தார். மில்லிக்கு 40 யூனிட் குப்பி இங்கே இன்னும் ஓடுகிறது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அங்கே வழக்கமாக 100. என் ரத்தத்தை ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து பார்க்கிற திரையில் மூடியின் நிறம் தெரியாதே. இந்த மருந்தை என் ஊசியில் போட்டிருந்தால் சர்க்கரை இன்னும் ஏறியிருக்கும். நூறு மருந்தை நாற்பது ஊசியில் இழுத்திருந்தாலோ இரண்டரை மடங்கு, ஆளே காலி.

பக்கத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்தான் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-லேயே சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் மருத்துவமனையே கட்டினார். இந்தப் பக்கத்து மருந்துக்கடைக்காரருக்கு மூடி நிறம் தெரியாமலா இருக்கும்?

ராத்திரி பத்தரைக்கு 8.1. அத்தை கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். “உங்க பாட்டி மருந்தை எங்கடா வெச்சிருந்தா?” மண்பானைத் தண்ணீரில், மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவுக்குள். நான்தான் தினமும் எடுத்துக் கொடுப்பேன்.

மறுநாள் கொத்தவால் சாவடிப் பக்கம் பானை தேடிப் போனோம். இருநூறு ரூபாய் சொன்னான், பகல் கொள்ளை.