பிளாஸ்டிக் ஜிக்கில் எந்த மரை நிற்கும்?

துளை வழிகாட்டி, வெட்டு அளவு நிறுத்தி போன்ற ஜிக்குகளை, அதாவது கருவியைச் சரியான இடத்துக்கு வழிநடத்தும் துணைச் சாதனங்களை, பட்டறையிலேயே செய்துகொள்ளப் பிளாஸ்டிக் வசதியானது. சமையலறை வெட்டுப்பலகையின் வெள்ளை எச்.டி.பி.ஈ, அக்ரிலிக், 3டி பிரிண்டரில் எடுத்த பி.எல்.ஏ, எதில் செய்தாலும் முதலில் பழுதாவது மரைதான்.

நுண் மரையா, கரட்டு மரையா என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. எம்6 (6 மி.மீ விட்ட மெட்ரிக்) போல்டின் வழக்கமான மரை, அதாவது கரட்டு மரை, இடைவெளி 1 மி.மீ, நுண் மரைக்கு 0.75. இரும்பில் நன்றாகப் பிடிக்கும் அந்த மெல்லிய பல், பிளாஸ்டிக்கில் இறுக்கியதும் சுருள் சுருளாக அரிந்துகொண்டு வந்துவிடும். கரட்டு மரையே போடுங்கள். இடமிருந்தால் எம்4ஐ விட்டு எம்6க்குப் போங்கள்.

எம்6ஆ, கால் அங்குலமா என்பதில்தான் கவனம் வேண்டும். பழைய மெஷினில் கழற்றிய போல்ட் டப்பாவில் இரண்டும் கலந்தே கிடக்கும். கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ, அங்குலத்துக்கு 20 மரை, அதாவது இடைவெளி 1.27. எம்6 இரும்பு நட்டில் அது ஏறாது, கை உடனே உணரும். பிளாஸ்டிக்கோ இடம் கொடுத்துவிடும். நாலு சுற்றில் உள்ளிருந்த மரை முழுக்க நாசம். சந்தேகமிருந்தால் இரண்டு போல்ட்டையும் பல்லோடு பல் பொருத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள், இடைவெளி தெரியும். பிளாஸ்டிக்கில் கால் அங்குலத்தின் ஆழமான பல்லுக்குப் பிடி சற்று அதிகம். ஆனாலும் பட்டறை முழுக்க ஒரே அளவு இருப்பதே பெரிய லாபம் என்பதால் எங்கள் தெரிவு எம்6.

ஒருமுறை இறுக்கிவிட்டுத் தொடாத இடத்தில் பிளாஸ்டிக்கிலேயே மரை வெட்டலாம். எம்6க்கு 5 மி.மீ துளை, குறைந்தது 12 மி.மீ ஆழம். அரைச் சுற்றுக்கு ஒருமுறை டப்பை (மரை வெட்டும் கருவியை) பின்னால் திருப்பித் தூளை உடையுங்கள். அக்ரிலிக்கில் விளிம்பிலிருந்து 12 மி.மீ உள்ளே தள்ளுங்கள். மரை ஒட்டும் திரவம் விட்டால் அக்ரிலிக் விரிசல் விடும். எச்.டி.பி.ஈ பாரத்தில் மெல்ல மெல்ல நகர்வதால் இறுக்கம் தானாகக் குறையும். மர இஸ்குறுப்பு வேண்டாம், ஆப்பு மாதிரிப் பிளக்கும்.

தினம் கழற்றிப் பூட்டும் இடத்துக்கு உலோக மரை கட்டாயம். பி.எல்.ஏயில், உள்ளே மரை வெட்டிய சிறு குழாயான பித்தளைச் செருகியைச் சுமார் 220 பாகை ஈயப்பற்றுக்கோலால் இறக்கலாம். கோலின் எடையே போதும், அழுத்தினால் சாயும். மயிரளவு மேலே நிற்கும்போதே கோலை எடுத்து, குளிர்ந்த இரும்புத் தகட்டால் மட்டமாக அமர்த்துங்கள். பி.எல்.ஏ 60 பாகை அளவில் இளகும். நண்பகல் வெயிலில் மூடிய வாகனத்துக்குள் விட்டால் செருகி ஆடத் தொடங்கும்.

அதைவிட நாங்கள் நம்புவது குழியில் அமர்த்திய அறுகோண நட். எம்6 நட்டின் எதிர்ப்பக்க அகலம் 10 மி.மீ, பிரிண்ட் செய்யும் குழி 10.2 இருக்கட்டும். குழியைப் பின்பக்கம் வையுங்கள், இறுக்க இறுக்க நட் பிளாஸ்டிக்குள் அமரும். கல்லடி, காத்தான்குடிக் கடற்காற்றில் நாகப்பூச்சு நட் துருப்பிடித்து இறுகும். பிறகு போல்ட்டோடு சேர்ந்து நட்டும் சுழன்று குழியின் மூலைகளை வழித்துவிடும். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. துருப்பிடிக்காத உருக்குப் போல்ட்டுக்குப் பித்தளை நட் போடுங்கள். இரண்டுமே துருப்பிடிக்காத உருக்கென்றால் காய்ந்த மரை கடித்து இறுகிவிடும், கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

பிளாஸ்டிக்கில் வெட்டிய மரைக்குள் போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். பல் பழைய தடத்தில் 'டக்' என்று விழுவது விரலுக்குத் தெரியும். அதன் பிறகே வலப்பக்கம்.