யானையைத் திருப்பிக் கொடுத்த கண்ணாடிக் கடை

ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற படக்கடையைப் பற்றி எழுதுகிறேன். போர்டில் கடைப் பெயர் வெயிலில் அழிந்துபோய், 'படங்களுக்குக் கண்ணாடி சட்டம் போட்டுத் தரப்படும்' என்ற வரி மட்டும் மிச்சம் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் 'கண்ணாடிக்காரர் கடை' என்று கேட்டால் கை காட்டுவார்கள். 2024 ஆடியில் அங்கே ஒரு படம் போட்டேன். சட்டம் போட்ட படத்தைப் பற்றி அன்றைக்கே என்ன சொல்லிவிட முடியும்? ஒரு மழைக்காலம், ஒரு வெயில்காலம் சுவரில் தொங்கட்டும் என்று காத்திருந்தேன்.

எங்களுக்கு அரச்சலூர் பக்கம் ஊர். பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாய். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் கிழக்கு எல்லையில் போய்ச் சேர்ந்துவிட்டார். உடம்பு ஊருக்கு வரவில்லை. தந்தி வந்தது, சில வாரம் கழித்து ஒரு தகரப் பெட்டி வந்தது, அவ்வளவுதான். பெரியம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கல்யாணமாகிப் பதினான்கு மாதம். அவரிடம் இருக்கிற ஒரே படம், பெரியப்பா வெலிங்டனில் பயிற்சி முடித்த கையோடு குன்னூரில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டது. தபால் கார்டு அளவு, கறுப்பு வெள்ளை. அந்துருண்டை போட்டு வைத்தும் ராமபாணப் பூச்சி ஓரத்தைத் தின்றுவிட்டது. நடுவில் ஒரு மடிப்பு விழுந்து காதோரம் வெள்ளைக் கோடு.

ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் நோம்பிக்கு மேல் நோம்பி. ஒன்றாம் தேதி தேங்காய் சுடுவோம். பதினெட்டுக்குப் புளியமரத்தில் தூரி (ஊஞ்சல்) கட்டுவோம், ஆற்றுக்குப் போவோம். 1805-ல் அதே ஆடிப் பதினெட்டில்தான் சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் தூக்கில் போட்டான். அதனால் ஓடாநிலை மணிமண்டபத்துக்கு மாலையும் மேளமுமாக வண்டிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். தூரி ஆடுகிற பிள்ளைகள் ஒரு பக்கம், மைக் செட் ஒரு பக்கம். அந்த வருடம் பதினெட்டு சனிக்கிழமை, ஆடி அமாவாசை அடுத்த நாளே ஞாயிறு. பெரியப்பா படத்தைப் பெரிதாக்கி மாட்டிவிட்டு, ஞாயிறு காலையில் கொடுமுடியில் தர்ப்பணம் முடித்து வந்து படையல் போடலாம் என்று நினைத்தேன். முன்பெல்லாம் அதை அப்பா செய்துகொண்டிருந்தார். இப்போது என் முறை.

முதலில் போனது வேறு ஊரில் ஒரு பெரிய கலர் லேப். பெயர் வேண்டாம். ஏசி, சோபா, டோக்கன் எல்லாம் உண்டு. அரை மணி நேரத்தில், "ஏஐ-ல போட்டு கிளீன் பண்ணியாச்சு சார்" என்று ஒரு பையன் கொண்டுவந்து கொடுத்தான். கலரும் ஏற்றியிருந்தார்கள். மடிப்பு இல்லை, கறை இல்லை, கன்னம் பளபளவென்று இருந்தது. நானே அசந்துபோய்க் காசைக் கொடுத்தேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. இது ஆரு?"

அதற்கப்புறம்தான் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது புருவத்தைக் குறுக்காக வெட்டிப் போகிற தழும்பைக் காணோம். இறுக்கி மூடியிருந்த வாய் லேசாகச் சிரித்தது. யார் பெற்ற பிள்ளையோ, கோயமுத்தூரில் பைக் ஷோரூம் திறப்பு விழாவுக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

அந்தப் படத்தையும் பழசையும் எடுத்துக்கொண்டுதான் கண்ணாடிக்காரர் கடைக்குப் போனேன். பெரியவருக்கு எழுபதை ஒட்டிய வயது இருக்கும். வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, யானைய ஆருங்க தின்னது?"

எனக்குப் புரியவில்லை. லென்ஸை என்னிடம் நீட்டினார். பழைய படத்தில் தொப்பிச் சின்னத்தில் ஒரு துளி யானை. தும்பிக்கையும் தெரிந்தது. ஐம்பத்து மூன்று வருடமாக அது அங்கே இருக்கிறது, எங்கள் வீட்டில் ஒருத்தரும் கவனித்ததில்லை. புதுப் படத்தில் அந்த இடத்தில் ஒரு சாமந்திப் பூ. கம்ப்யூட்டருக்கு என்னவென்று புரியாத இடத்தில் தனக்குத் தெரிந்ததை வைத்து அடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். மெட்ராஸ் ரெஜிமென்ட் சின்னமே அசாயே யானைதான். 1803-ல் அசாயேவில் மராத்தியரோடு நடந்த போரில் கும்பினி பக்கம் நின்று சண்டை போட்ட மதராஸ் பட்டாளத்துக்குக் கிடைத்த பெருமை அது. அடுத்த இரண்டாவது வருடம் அதே கும்பினி சின்னமலையைத் தூக்கிலேற்றியது. எங்கள் வீட்டு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) சின்னமலை படமும் இருக்கிறது, பக்கத்தில் இந்த யானையும். என்ன செய்ய, இரண்டு பேரும் நம்ம ஆட்கள்தான்.

சரி, வேலைக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் வேலை அவருடைய மகன் செய்கிறார். ஒரிஜினலை ஸ்கேன் செய்து, மடிப்பையும் கறையையும் மட்டும் புள்ளி புள்ளியாக எடுக்கிறார்கள். முகத்தில் கை வைப்பதில்லை. கலர் ஏற்றமாட்டார்கள். பூச்சி தின்ற ஓரத்தை என்ன செய்வது என்று கேட்டேன். "தின்ன எடம் தின்னதுதானுங். மவுண்ட் வெச்சு மறைச்சுக்கலாம். இல்லாதத நாம வரையக்கூடாதுங்" என்றார்.

மவுண்ட் அட்டை அழகுக்கு மட்டும் இல்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. படம் கண்ணாடியோடு நேராக ஒட்டி இருந்தால் ஈரம் ஏறிப் படமும் கண்ணாடியும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். நடுவில் அட்டை கனத்துக்கு இடைவெளி வேண்டும். சட்டத்தின் பின்பக்கம் முழுக்கத் தாள் ஒட்டி அடைத்தார். கீழ் இரண்டு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்தார், சுவரோடு படாமல் காற்றுப் போகட்டும் என்று. வெயில் நேராக விழுகிற சுவர் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார்.

நான் காத்திருந்தபோது, சின்னமலைக்கு விழா எடுக்கிற இரண்டு பையன்கள் வந்தார்கள். குதிரை மேல் வாளோடு இருக்கிற படம் அடுக்கி வைத்திருந்தார். மீசை இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் தேவலை என்றான் ஒருத்தன். "போட்டாப் பொட்டி வராத காலமுங் அது. அவர் மீசைய நாமளா பாத்தோம்? ஓவியர் வெச்சதுதானுங், இன்னும் பெருசு வேணும்னா ஓவியர்கிட்டப் போங்" என்றார். படத்தைக் கட்டிக் கொடுத்து, என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஒண்ணாவது இருக்குதுங்" என்றார்.

குறைகள் இல்லாமல் இல்லை. நாலு நாள் என்றார், ஒன்பது நாள் ஆனது. போன் அடித்தால் எடுப்பதில்லை. பன்னிரண்டுக்குப் பதினைந்து அளவு, சட்டம் எல்லாம் சேர்த்து 2,100 ரூபாய், அதுவும் ரொக்கம்தான். லேப்காரன் இதில் பாதிதான் வாங்கினான். சந்தில் பைக் நிறுத்த இடமே கிடையாது. பதினெட்டுக்கு முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு, பூ வாங்குகிற கூட்டத்துக்குள் அந்தப் படத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பெரியம்மா இந்த முறை யார் என்று கேட்கவில்லை. விரலை நீட்டிப் புருவத் தழும்பின் மேல் கண்ணாடியில் வைத்தார். "கிட்டிப்புல்லு பட்டதாமா. சின்னதுல." இதை எங்களிடம் இதுவரை சொன்னதே இல்லை. என் மனைவி மினுக்கு மினுக்கென்று எரிகிற சீரியல் லைட் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். கண்ணைக் கூசுகிறது, கழட்டு என்று சொல்லிவிட்டார். கட்டிலில் படுத்தபடி தெரிகிற உயரத்தில் ஆணி அடிக்கச் சொன்னார்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு, ஐப்பசி மழையில் சுவர் ஓதம் காக்கும். பக்கத்தில் இருக்கிற அப்பா படத்தில் (வேறு கடையில் போட்டது) கீழ் ஓரம் பூஞ்சை பிடித்துவிட்டது. இதில் ஒரு புள்ளிகூட இல்லை.

போகிறவர்கள் ஆனி மாதமே போய்விடுங்கள். ஆடிப் பதினெட்டுக்கும் அமாவாசைக்கும் கடை கிடையாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டினால் தொடமாட்டார், ஒரிஜினல் வேண்டும். பின்னால் இருந்த கொக்கி மட்டும் பத்து மாதத்தில் துருவேறிவிட்டது. மாற்றிக் கொடுத்தார், இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு.