விடாமல் குரைக்கும் நாய்: சங்கிலியா, ஷாக் பெல்ட்டா, பயிற்சியா?

வீட்டு நாய் ஓயாமல் குரைக்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "கட்டிப் போடுங்க", "ரெண்டு போடு போடுங்க", "ஆன்லைன்ல பெல்ட் கிடைக்குது, வாங்கி மாட்டுங்க", "துணைக்கு இன்னொரு குட்டி வாங்குங்க", "ட்ரெய்னர் கிட்ட விடுங்க" என்று ஆளுக்கொரு யோசனை வரும். நாய் ஏன் குரைக்கிறது என்று கேட்பவர்கள் அபூர்வம். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் இந்த யோசனைகளில் பாதி தானாகவே கழன்றுவிடும்.

பதில் கண்டுபிடிக்கப் பழைய போன் ஒன்று போதும். அதில் வீடியோவை ஓடவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே போய் வாருங்கள். நீங்கள் கிளம்பிய சில நிமிடங்களிலேயே மூச்சிரைப்பு, எச்சில் ஒழுகல், அங்குமிங்கும் நடை, கதவுச் சட்டத்தைப் பிறாண்டல் என்று தெரிந்தால், அது தனிமையில் வரும் பதற்றம். நன்றாகத் தூங்கி எழுந்து, பிறகு செருப்பைக் கடித்துக்கொண்டு குரைத்தால் பொழுது போகாத சலிப்பு. பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினால் காவல் புத்தி. மூன்றும் காதுக்கு ஒரே குரைப்புதான், வைத்தியம் வேறு வேறு.

சங்கிலிக்குச் செலவே இல்லை. அதனால்தான் எல்லோரும் முதலில் அதைத் தேடுகிறார்கள். ஆனால் கேட் அருகே கட்டிய நாய்க்குத் தெருவில் போகிற எல்லாம் தெரியும், கிட்டே போய் மோந்து பார்க்கவும் முடியாது, பயந்தால் விலகி ஓடவும் முடியாது. அந்தத் தவிப்பே நாளடைவில் சீற்றமாகிறது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாய்கள் முயல் வேட்டைக்கென்று ஓட்டத்துக்காகவே வளர்க்கப்பட்டவை. அவற்றை நாள் முழுக்கக் கட்டி வைத்துவிட்டு அமைதியை எதிர்பார்ப்பது அநியாயம். சட்டமும் இதை ஏற்கவில்லை. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 11-ஆவது பிரிவு, நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் அதிக நேரம் கட்டி வைப்பதைக் குற்றமாகச் சொல்கிறது. வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விடுவதும் அதே பிரிவில் குற்றம்.

அடிப்பது இன்னும் மோசம். மாலையில் வீடு திரும்பி, கிழிந்த தலையணையைக் காட்டி அடித்தால், காலையில் செய்ததற்கு இது தண்டனை என்று நாய்க்குப் புரியாது. நீங்கள் வந்தால் அடி விழும் என்பதுதான் மனதில் பதியும். "தப்பு பண்ணினது மூஞ்சிலேயே தெரியுதே" என்பார்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் குற்ற முகம் எஜமானர் திட்டும்போதுதான் வந்தது. நாய் உண்மையில் தப்பு செய்திருந்ததா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அதே ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய் வளர்ப்போரிடம் நடத்திய கணக்கெடுப்பில், அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேர் நாய் பதிலுக்கு ஆக்ரோஷம் காட்டியதாகச் சொன்னார்கள். உறுமுவதற்காக ஒருபோதும் அடிக்காதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் சொல்லாமலே கடிக்கும் நாய்தான் மிஞ்சும்.

ஷாக் பெல்ட் சட்டென்று பலன் தரும், மறுப்பதற்கில்லை. குரைத்ததும் கழுத்தில் மின்சாரம் பாய்கிறது, நாய் வாயை மூடுகிறது. ஆனால் அந்த நேரத்தில் கேட் வழியே ஒரு குழந்தை போய்க்கொண்டிருந்தால், வலியை நாய் குழந்தையோடு முடிச்சுப் போடலாம். தனிமையில் பதறும் நாய்க்கு மாட்டினாலோ குரல்தான் நிற்கும், பதற்றம் அப்படியே இருக்கும். குரைக்க முடியாத நாய் கதவைப் பிறாண்டி நகத்தைப் பெயர்த்துக்கொள்ளும். வேல்ஸ் நாடு 2010-லேயே இந்த பெல்ட்டைத் தடை செய்துவிட்டது. மருந்து நெடியைப் பீய்ச்சும் ஸ்ப்ரே பெல்ட்டில் வலி இல்லை. பல நாய்கள் சீக்கிரமே அதற்குப் பழகிவிடும், கழற்றினால் பழைய கதை.

இன்னொரு குட்டி வாங்குவது சலிப்புக்கு ஓரளவு உதவலாம். தனிமைப் பதற்றத்துக்குப் பெரும்பாலும் உதவாது, அந்த நாய் ஏங்குவது உங்களுக்காக.

என் ஓட்டு பயிற்சிக்குத்தான். இது வாரக்கணக்கில் நேரம் கேட்கும், வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். காலிங் பெல்லுக்குக் குரைக்கும் நாயை எடுத்துக்கொள்வோம். பெல் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, நாய் காதை மட்டும் தூக்கும் அளவுக்கு மெல்ல ஒலிக்க விடுங்கள். ஒலித்ததும் அதன் பாயில் பட்டாணி அளவு வேகவைத்த சிக்கன் துண்டு விழ வேண்டும். பெல் அடித்ததும் அது பாயைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிய பிறகே சத்தத்தைக் கூட்டுங்கள். குரைத்துவிட்டால் வேகமாகப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு படி இறங்குங்கள்.

ஜன்னல் குரைப்புக்குக் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் ஸ்டிக்கர் ஒட்டுவதே பாதி வேலையை முடித்துவிடும். சலிப்புக்கு, அவசரப்படுத்தாமல் மோந்து மோந்து நடக்க விடும் வாக்கிங் வேண்டும். கவனத்துக்காகக் குரைக்கும் நாயைக் கண்டுகொள்ளாமல் விட்டால் முதலில் இன்னும் சத்தமாகக் குரைக்கும். பலர் மனம் தளர்ந்து பிஸ்கட்டை நீட்டுவது அங்கேதான், "இவ்வளவு கத்தினால் கிடைக்கும்" என்று நாய் கற்றுக்கொள்வதும் அங்கேதான். தனிமைப் பதற்றத்துக்குச் சில விநாடிகள் வெளியே நின்று திரும்புவதில் தொடங்கி, மெல்ல மெல்ல நேரத்தை நீட்ட வேண்டும். கடுமையாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள், இதற்கென்றே மருந்துகள் உண்டு.

ட்ரெய்னர் வைப்பதானால் உங்களையும் கூட நிற்க வைத்துச் சொல்லித் தருபவராகப் பாருங்கள். "ஒரு மாசம் விட்டுட்டுப் போங்க" என்றால் நாய் அவர் பேச்சைத்தான் கேட்கப் பழகும். "நீங்கதான் தலைவன்னு காட்டணும்" என்று கழுத்தை அமுக்குபவர் வேண்டவே வேண்டாம்.

குட்டி இப்போதுதான் வரப்போகிறது என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டு விதி. பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை பார்ப்பதும் கேட்பதும் ஆழமாகப் பதியும். குக்கர் விசில், மிக்ஸி, ஹெல்மெட் போட்ட ஆள், பால்காரர் எல்லாவற்றையும் தீனியோடு சேர்த்து அறிமுகம் செய்யுங்கள். தடுப்பூசி முடியும்வரை தெருவில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலிருந்தே தினமும் சிறிது நேரம் வேறு அறையில் தனியாக இருக்கவும் பழக்குங்கள்.

இதுவரை அமைதியாக இருந்த வயதான நாய் திடீரென்று இரவில் குரைக்கத் தொடங்கினால் மட்டும் பயிற்சியில் இறங்காதீர்கள். மூட்டு வலி, காது மந்தம், மூப்பில் வரும் மறதி என எதுவாகவும் இருக்கலாம். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.