மேல் கையா, கீழ் கையா? ஐஸ் ஹாக்கி மட்டையை உருட்டும் மூன்று வழிகள், ஒரு தோட்டத்து ஆளின் கணக்கு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் ஹாக்கி பற்றி எழுதுகிறான் பார் என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஐஸ் என்றால் மீன் பெட்டியில் கொட்டியிருப்பது, இல்லாவிட்டால் ஐஸைச் சீவிப் போட்டுத் தரும் ஐஸ் கச்சாங். ஆனால் அக்கா குடும்பம் கிள்ளான் பள்ளத்தாக்குப் பக்கம் போய்விட்டது, அவள் மகன் சன்வே பிரமிட் மாலில் இருக்கும் ஐஸ் ரிங்கில் (பனிச்சறுக்குத் திடலில்) மட்டை பிடிக்கக் கற்றுக்கொண்டான், பள்ளி விடுமுறை விட்டால் அந்த நீள மட்டையோடு இங்கே வந்து இறங்கிவிடுகிறான். பழைய லயத்துக்குப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பக்கத்தில் ஒரு சிமெண்ட் பூப்பந்து கோர்ட் உண்டு, வலை போய்ப் பல வருஷம் ஆச்சு. அங்கேதான் எங்கள் சண்டை.

"மாமா, உங்க கை தப்பு" என்பான். நான் தமிழ்ப்பள்ளித் திடலில் தொடங்கி தோட்ட அணி வரைக்கும் ஹாக்கி ஆடியவன், ஈப்போவில் அஸ்லான் ஷா கோப்பை நடந்தால் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தவன், என்னிடம் பதினோரு வயசுப் பையன் கை தப்பு என்கிறான். முதலில் கோபம் வந்தது. அப்புறம் ஒருநாள் அவனோடு ரிங்குக்கே போய் ஸ்கேட் மாட்டிக்கொண்டு இறங்கியபோதுதான் பாதி அவன் சொன்னது சரி, பாதி நான் சொன்னது சரி என்று தெரிந்தது. அந்த இரண்டு பாதியையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. திடல் ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம். ஐஸ் ஹாக்கி பக் 156 முதல் 170 கிராம். கிட்டத்தட்ட ஒரே எடை! பந்து உருளும், பக் 3 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிமனும் உள்ள வட்டு, வழுக்கிக்கொண்டு போகும். அந்த வட்டு கந்தகம் சேர்த்துச் சுட்டு இறுக்கிய ரப்பர். பாட்டி காலத்தில் விடியுமுன் நெற்றி விளக்கோடு போய் வெட்டி எடுத்த ரப்பர் பாலின் சொந்தக்காரப் பொருள்தான் அது, ஆனாலும் அதை நான் முதலில் தொட்டது ஒரு ஷாப்பிங் மாலில். துள்ளக் கூடாது என்பதற்காக என்எச்எல் (வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) ஆட்டங்களில் அதை உறைய வைத்தே எடுத்துவருவார்கள். ரப்பர் மரம் வளர்த்த நமக்கு அதை ஃபிரீசரில் வைக்கத் தோன்றியிருக்குமா?

சரி, கைக்கு வருவோம்.

கீழ் கையால் ஓட்டுவது

புதிதாக மட்டை பிடிக்கிற எல்லாரும் இயல்பாகச் செய்வது இதுதான். மட்டையின் நடுவில் இருக்கிற கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கை இங்கும் அங்கும் தள்ளும், மேல் கை சும்மா வயிற்றோடு ஒட்டிக்கொண்டு முனையைப் பிடித்திருக்கும். துடைப்பத்தால் முற்றம் கூட்டுவது போல. இதில் நல்லது ஒன்று உண்டு, பலம். எதிராளி மட்டையால் தட்டினாலும் பக் எளிதில் போகாது, ரிங்கைச் சுற்றி அடித்திருக்கும் பலகை ஓரத்தில் நெருக்கடியில் நிற்கும்போது இந்தப் பிடி கைகொடுக்கும், ஓங்கி அடிக்கவும் கீழ் கை இறங்கி இறுகத்தான் வேண்டும்.

கெடுதல்தான் அதிகம். கீழ் கை இறுகினால் மட்டை திரும்பாது. மட்டை திரும்பாவிட்டால் பக்கின் மேல் பிளேடு, அதாவது மட்டையின் அடியில் இருக்கும் தட்டைப் பகுதி, கவியாது, தட்டித் தட்டித்தான் ஓட்ட வேண்டும், ஒவ்வொரு தட்டுக்கும் பக் கொஞ்சம் ஓடிவிடும், அதைத் தேடித் தலை குனியும். ஐஸ் ஹாக்கியில் தலை குனிந்தவன் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை, எதிரே ஒருத்தன் முழு வேகத்தில் வந்துகொண்டிருப்பான். இன்னொன்று, கைக்கு எட்டும் தூரம் சுருங்கிவிடும். இடப்பக்கம் நீட்டினால் முழங்கை விலாவில் முட்டும்.

ரிங்கில் முதல் நாள் நான் இதைத்தான் செய்தேன். இருபது வருஷ ஹாக்கிக் கை எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை. பிறகு யோசித்தால் காரணம் கையில் இல்லை, காலில். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல மட்டையைப் பிடித்திருக்கிறேன். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மணிக்கட்டுப் பயிற்சி ஆயிரம் செய்தாலும் ஸ்கேட்டில் நிற்கப் பழகாதவரைக்கும் கீழ் கை இறுகத்தான் செய்யும், அதனால் பையன் மட்டையை ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று கத்துகிற அப்பாக்கள் முதலில் அவன் முட்டியைப் பாருங்கள்.

மேல் கையால் உருட்டுவது

இதுதான் அக்கா மகன் கற்றது, இன்று பெரும்பாலான ஐஸ் ஹாக்கிப் பயிற்சியாளர்கள் சொல்லித் தருவதும் இதுதான். மட்டையின் உச்சியில் இருக்கும் கைதான் முதலாளி. அது உடம்போடு ஒட்டக்கூடாது, வயிற்றுக்கு முன்னால் ஒரு சாணாவது தள்ளி இருக்க வேண்டும், முழங்கைக்கு ஆட இடம் வேண்டும். கீழ் கை ஏறக்குறைய ஒரு முழங்கை நீளம் தள்ளி, ஒரு வளையம் மாதிரி, மட்டை உள்ளே உருளட்டும் என்று விட்டுப் பிடித்திருக்கும்.

வேலை முழுக்க மேல் மணிக்கட்டில். என்னைப் போல இடது கை மேலே வைத்து ஆடுபவர் பக்கை வலப்பக்கம் கொண்டுபோனதும், அதைத் திருப்பிக் கொண்டுவர மணிக்கட்டைப் பூட்டில் சாவி திருப்புவது போல இடப்பக்கம் உருட்ட வேண்டும், பிளேடின் நுனி உள்ளே மூடி பக்கின் மேல் குடை மாதிரிக் கவியும். இடப்பக்கம் போனதும் சாவி வலப்பக்கம். வலது கை மேலே வைப்பவருக்கு எல்லாமே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். கவிந்த பிளேடுக்கு அடியில் பக் இருப்பது கைக்கே தெரியும், கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, தலை நிமிர்ந்திருக்கும். இதற்காகத்தான் இந்த வழி ஜெயிக்கிறது என்பது என் கட்சி.

பால் மரம் வெட்டியவர்கள் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பாட்டியின் வெட்டுக் கத்தியைச் சின்ன வயசில் வாங்கிப் பார்த்து மரத்தில் இழுத்திருக்கிறேன், கை இறுகியது, கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது, அதற்குக் கிடைத்த குட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மணிக்கட்டு தளர்ந்திருந்தால்தான் பட்டை மெல்லிய சீவலாக வரும், மரத்துக்குக் காயம் படாது. பலத்தால் ஆகிற வேலை இல்லை.

குறை இல்லாமல் இல்லை. பிளேடு ஒரு பக்கம் குழிந்தது, மறுபக்கம் குவிந்தது. குவிந்த பக்கத்தில் பக் வழுக்கி ஓடப் பார்க்கும், அங்கே இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கவிழ்க்க வேண்டும், இந்த உணர்வு வர மாதக்கணக்கில் ஆகும். மேல் கை வலிமை இல்லாத சின்னப் பிள்ளைகளுக்கு மட்டை கனமாகத் தெரியும். அதிலும் பெரியவர்கள் மட்டையைக் கொடுத்துவிட்டுப் பழகச் சொன்னால் தொலைந்தது. ஸ்கேட் போட்டு நின்றால் தாடை வரைக்கும் வருவது நல்ல அளவு என்பார்கள். நீளத்தை அறுத்துக் குறைக்கலாம், ஆனால் அறுக்க அறுக்க மட்டை விறைக்கும், வளையாது. நான் அதைத் தெரியாமல் ரம்பம் எடுத்தவன்.

நம்ம ஊர் வழி: முழுத் திருப்பு

இந்தியன் டிரிபிள் (dribble) என்று உலகமே சொல்கிற அந்த வித்தை. திடல் ஹாக்கியில் மட்டையின் பின்பக்கத்தால் பந்தைத் தொடக்கூடாது, தட்டையான முகமும் விளிம்பும்தான். அதனால் பந்தை இடமிருந்து வலம் இழுக்க வேண்டுமானால் மட்டையையே தலைகீழாகத் திருப்பியாக வேண்டும். இடது கை முழுசாகத் திரும்பும், வலது கைக்குள் மட்டை சுழலும். தன்ராஜ் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள், நான்கு ஒலிம்பிக் ஆடிய நம்ம தமிழ் ஆள், மலேசியக் கிளப்புகளுக்கும் வந்து ஆடியவர், பந்து மட்டையில் ஒட்டியிருக்கிறதா என்று சந்தேகம் வரும்.

கவனித்தீர்களா? கொள்கை அதேதான். மேல் கை திருப்பும், கீழ் கை குழாய். அதனால்தான் திடல் ஹாக்கி ஆடியவன் ஐஸ் ஹாக்கி மட்டையை எடுத்தால் முதல் நாளே ஒரு படி முன்னால் நிற்கிறான், இதை அக்கா மகனும் ஒப்புக்கொண்டுவிட்டான் (வேண்டா வெறுப்பாக). ஆனால் திருப்பும் அளவில்தான் தகராறு. ஐஸில் பிளேடின் இரண்டு முகமும் நம்முடையது, முழுசாகத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை, பாதித் திருப்பு கூட அதிகம். நான் பழக்க தோஷத்தில் முழுசாகத் திருப்பினேன், பிளேடின் நுனி ஐஸில் குத்தியது, மட்டையின் மறுமுனை வயிற்றில் இடித்தது, நான் உட்கார்ந்துவிட்டேன். ஒரு சின்னப் பெண் வந்து "ஆர் யூ ஓகே, அங்கிள்" என்று கேட்டாள்.

இன்னொரு கெட்ட பழக்கம் குனிவது. திடல் மட்டை அதிகபட்சம் 105 சென்டிமீட்டர், நாம் முதுகை வளைத்துப் பந்தை வலக்கால் முன்னால் வைத்துப் பழகியவர்கள், இடது கை இடுப்போரம் நிற்கும். அந்தக் கையை ஐஸுக்குக் கொண்டுபோனால் நீள மட்டையின் பயனே போய்விடுகிறது. முட்டியை மடக்கு, முதுகை மடக்காதே, இடது கையை முன்னால் தள்ளு. சொல்வது எளிது.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் நம் முழுத் திருப்பு தங்கம். பக்கை வலப்பக்கம் நீட்டிக் காட்டி, எதிராளி மட்டையை நீட்டியதும், பிளேடின் நுனியால் கொத்தி உள்ளே இழுத்துக்கொள்கிற வித்தை ஒன்று இருக்கிறது, டோ டிராக் என்பார்கள். அதில் மேல் மணிக்கட்டு வழக்கத்தைவிட நிறையவே திரும்ப வேண்டும். அக்கா மகன் மாதக்கணக்கில் தடுமாறியது எனக்கு இரண்டாம் நாளே வந்துவிட்டது. அன்று ராத்திரி பாசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) அப்பம் நான் வாங்கித் தரவில்லை, அவன் வாங்கித் தந்தான்.

எந்தக் கை மேலே?

இது தனிச் சண்டை. திடல் ஹாக்கியில் கேள்வியே இல்லை, இடது கைப் பழக்கக்காரனுக்கும் இடது கைதான் மேலே, இடது கை மட்டை என்று ஒன்று கிடையாது. ஐஸில் இரண்டு பக்கத்துக்கும் மட்டை உண்டு. மேல் கைதான் முதலாளி என்றால் சாமர்த்தியமான கையை அங்கே வைப்பதுதானே நியாயம்? அப்படிப் பார்த்தால் வலது கைக்காரன் வலது கையை மேலே வைத்து இடப்பக்கம் அடிக்க வேண்டும். கனடாவின் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் சிட்னி கிராஸ்பி வலது கைக்காரர், இடப்பக்கம்தான் அடிக்கிறார். கனடாவில் பெரும்பாலோர் அப்படித்தான், என்எச்எல்லில் வலப்பக்கம் அடிக்கும் தடுப்பாளர்களுக்குக் கிராக்கியே உண்டு.

அதனால் மட்டையே தொடாத ஆறு வயசுப் பிள்ளைக்கு வலது கையை மேலே கொடுங்கள், பழக்கிவிடலாம். ஆனால் பத்து வருஷம் திடலில் ஆடிவிட்டு வருகிறவனை மாற்றச் சொல்லாதீர்கள், அவன் இடது மணிக்கட்டில் சேர்ந்திருக்கிற சொத்தை எதற்குக் குப்பையில் போடணும்? அக்கா மகன் ரிங்கில் வலது கை மேலே வைத்துப் பழகியவன். அவன் என்னைப் பார்த்து மாற்றவில்லை, நானும் மாறப் போவதில்லை.

வீட்டில் பழகுவதற்கு: சிமெண்டில் நிஜ பக்கை வைத்து ஓட்டாதீர்கள், சொரசொரப்பில் மாட்டிக் குப்புற விழும். கோல்ஃப் பந்து நன்றாக ஓடும், ஆனால் ரொம்ப லேசு, 46 கிராமைத் தாண்டாது. நான் எடை கூட்ட ஒரு பழைய ஹாக்கிப் பந்தையே கொடுத்தேன், எடை அச்சு அசலாகப் பொருந்தியது, என்ன, கோர்ட் ஓரத்துச் சாக்கடையில் விழுந்தால் எடுப்பது அவன் வேலை.

கீழ் கைக்கு மட்டும் ஒரு மருந்து. ஹார்ட்வேர் கடையில் ஒரு சாண் பிவிசி குழாய், மட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துளையாகப் பார்த்து வாங்கி, மட்டையில் கோத்துவிட்டுக் கீழ் கையால் குழாயை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு இறுக்கினாலும் மட்டை உள்ளே சுழலும். திடல் ஹாக்கியில் பழைய வித்தை இது, எங்கள் மாஸ்டர் செய்ய வைத்தது. இந்த விடுமுறையில் அக்கா மகன் குழாயோடு பத்து நாள் ஓட்டினான், கழற்றியதும் ஒரு மணி நேரம் கை தளர்ந்தே இருந்தது, அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன் பந்தைப் பிடுங்க ஓடிவந்தான், பழையபடி இறுகிவிட்டது. குழாயை மறுபடி மாட்டிவிட்டேன்.