ஒரு வருஷ "நர்சிங்" கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு குடியாத்தம், பள்ளிகொண்டா பக்கமெல்லாம் "ஒரு வருட டிப்ளமோ நர்சிங், நூறு சதவீத வேலை" என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள் அல்லவா, அதை நம்பிப் போனவள் நான். வேலூரில் ஒரு மாடியில் இரண்டு அறை, ஒரு கட்டில், ஒரு பொம்மை, ஒரு பி.பி. மிஷின். மேடம் ரொம்ப அன்பாகப் பேசினார். "நம்ம ஊர்ல ஆஸ்பத்திரிக்கா பஞ்சம், முடிச்ச மறுநாளே வேலைம்மா" என்றார். 42,000 ரூபாய் கட்டணம், அப்புறம் யூனிஃபார்ம், பரீட்சைக் கட்டணம் என்று தனியாக 5,500. பீடி சுற்றுகிற அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கித்தான் கட்டினார்.

முடித்துவிட்டு காட்பாடி பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு இன்டர்வியூ போனேன். அங்கிருந்த அக்கா சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கவுன்சில் நம்பர் எங்கம்மா?" என்றார். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. துணை நர்ஸ் படிப்பான ஏ.என்.எம். இரண்டு வருஷம், நர்சிங் டிப்ளமோவான ஜி.என்.எம். மூன்று வருஷம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷம், இதில் ஏதாவது ஒன்றை அங்கீகாரம் உள்ள இடத்தில் முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிந்தால்தான் நர்ஸ். எம்.ஆர்.பி. (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்குப் போக வேண்டுமானாலும் அந்தப் பதிவு வேண்டும். என் சர்டிபிகேட்டில் பெரிய முத்திரையோடு "அரசுப் பதிவு பெற்றது" என்று இருந்தது உண்மைதான், ஆனால் பதிவாகியிருந்தது அவர்களுடைய டிரஸ்ட், கோர்ஸ் இல்லை. ஐ.எஸ்.ஓ. தரச் சான்று என்று போட்டிருந்ததும் அந்த வகைதான், அது கோர்ஸுக்கான அங்கீகாரம் இல்லை.

சரி, வேலை கிடைக்கவில்லையா என்றால் கிடைத்தது, அட்டெண்டராக. பெட்பேன் வைப்பது, படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ஸ்கேனுக்குக் கூட்டிப் போவது. 12 மணி நேர டூட்டி, மாசம் 8,500. வேலையைக் குறை சொல்ல மாட்டேன், அதில் கேவலம் ஒன்றுமில்லை. என்னை அழ வைத்தது வேறு. பக்கத்து வார்டில் ஒடுகத்தூர் பெண் ஒருத்தி, பத்தாவதுதான் படித்தவள், எந்தக் கோர்ஸும் இல்லாமல் நேராக வந்து கேட்டுச் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கும் 8,500! போதாததற்கு "வேலை வாங்கிக் கொடுத்த" கமிஷன் என்று முதல் மாசச் சம்பளத்தில் பாதியை மேடம் கேட்டார், என் ஒரிஜினல் மார்க் ஷீட் அவரிடம் இருக்கிற தைரியத்தில். மாமாவைக் கூட்டிக்கொண்டு போய், "திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு கொடுக்கப் போறோம்" என்றதும் மார்க் ஷீட் அலமாரியிலிருந்து வந்துவிட்டது. பணம் வரவில்லை.

நம்ம பக்கம் இந்த வேலைக்கு ஆள் தேவை இருப்பது பொய்யில்லை. வேலூரில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரி இருக்கிறது, 2022ல் ராணிப்பேட்டையிலும் அவர்கள் புது வளாகம் திறந்தார்கள், அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, அப்புறம் தெருவுக்குத் தெரு தனியார். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட் என்று எங்கெங்கோ இருந்து நோயாளிகள் வந்து லாட்ஜில் தங்குகிறார்கள், அதனால் நாலு வார்த்தை இந்தியோ வங்காளமோ பேசத் தெரிந்தவளுக்கு வார்டில் இருக்கிற மதிப்பு என் சர்டிபிகேட்டுக்கு இல்லை. அட்டெண்டர் வேலைதான் வேண்டும் என்றால் காசு கட்டாமல் நேராகப் போய்க் கேளுங்கள். பயிற்சியோடு போக ஆசையிருந்தால் மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட் என்று ஒரு படிப்பு உண்டு, அதற்குக் கட்டணம் கிடையாது, பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். சேரும்போது பி.எஃப். பிடிப்பார்களா, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டா என்று வாய் திறந்து கேளுங்கள், 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ., நம்மைப் போன்றவர்கள் எல்லாருமே அதற்குள்தான் வருவோம்.

நர்ஸ்தான் ஆக வேண்டும் என்றால் அந்த இடத்தின் பெயர் கவுன்சில் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

எனக்கு டூட்டிக்கு நேரமாகிறது. குழுக் கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி.