எங்கள் பங்குக் கோயில் பேண்டில் டிரம்பெட் பயிற்சி
தூத்துக்குடிப் பக்கம் எங்கள் பங்குக் கோயில் பேண்டில் ஆறு மாதமாக டிரம்பெட் கற்றுக்கொள்கிறேன். முதல் இரண்டு வாரம் மாஸ்டர் கருவியையே தரவில்லை, மவுத்பீஸை மட்டும் கொடுத்து உதட்டை அதிரவைத்து ஊதச் சொன்னார். அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் இருப்பதே 3 வால்வுதான், ஒரே வால்வை அழுத்திக்கொண்டு உதட்டின் இறுக்கத்தை மாற்றினாலே வேறு வேறு சுரம் பிறக்கிறது என்பது இப்போதுதான் புரிகிறது.

கட்டணம் கிடையாது. கருவிகள்தான் ரொம்பப் பழசு, எனக்குக் கிடைத்ததில் நடு வால்வு சிக்கிக்கொண்டே இருந்ததால் எண்ணெய் நானே வாங்கிப் போட்டேன்.

வீட்டில் தனியாக ஊதினால் பத்து நிமிடத்தில் உதடு மரத்துவிடும். இங்கே பக்கத்தில் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை ஊதும் அண்ணன் மூச்சு எடுக்க வேண்டிய இடத்தைத் தோளசைத்துக் காட்டுவார், ஒரு மணி நேரம் போவதே தெரியாது. சப்பரத்துக்கு முன்னால் முதல்முறை ஊதிய அன்று அம்மா அழுதுவிட்டார். தாராளமாகச் சேருங்கள்.