டீசல் பிக்கப்: கிளட்ச் வைத்ததா, இல்லாததா?

காரவள்ளியில் தொடங்கி சோளக்காடு போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைப் பாதையில் அந்த வளைவுகளுக்கு எண் போட்டுப் பலகை நட்டிருப்பார்கள். மிளகும் காபியும் மூட்டை கட்டிக்கொண்டு வாரம் மூன்று தடவை அதில் ஏறி இறங்குகிற என் சித்தப்பா போன மாதம் போன் போட்டார். "கண்ணு, வண்டியை நான் பார்த்துக்கறேன். கிளட்ச் வெச்சதா, இல்லாததா, அதை மட்டும் நீ சொல்லு."

வண்டி எதுவென்று தெரியாமல் அதைச் சொல்ல முடியாது. டீசல் பிக்கப்பில் இந்தக் கேள்வி அப்படிப்பட்டது.

பொலிரோ பிக்கப், யோதா மாதிரி சரக்கு வண்டிகளில் இந்தப் பேச்சே வராது, மேனுவல், அதாவது கிளட்ச் வைத்ததுதான். மேனுவலும், கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோமேட்டிக்கும் இரண்டும் கிடைக்கிற இடத்தில் நிற்பவை முக்கியமாக டொயோட்டா ஹைலக்ஸும், இசுசு வி-கிராஸும். சித்தப்பாவின் மனது இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் ஹைலக்ஸ். 2022-இல் இங்கே வந்தது. 2.8 லிட்டர் டீசல், 204 குதிரைத்திறன். இதில் இரண்டு கியர்பாக்ஸுக்கும் ஒன்றுதான். டார்க்கில், அதாவது இன்ஜின் சுழற்றித் தரும் இழுவையில்தான் விஷயம். மேனுவல் வாங்கினால் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக் வாங்கினால் 500. அதே இன்ஜின், அதற்குள் காற்றை அழுத்தித் தள்ளும் அதே டர்போ. கிளட்ச் மிதிக்கிறவருக்கு 80 நியூட்டன் மீட்டரை எண்ணிக் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

ஏன் இந்த ஓரவஞ்சனை? நம் கால்தான் காரணம். கிளட்சைப் பட்டென்று விட்டால் இன்ஜினின் மொத்த இழுவையும் ஒரே அடியாக கியர் பற்களில் போய் இடிக்கும். ஆட்டோமேட்டிக்கில் (இனிச் சுருக்கமாக ஆட்டோ) நடுவே டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. ஆயில் வழியாக விசையைக் கடத்துவதால் அது அடியை வாங்கிக்கொள்ளும். போதாததற்கு, கியர் மாறும் அந்த நொடியில் கம்ப்யூட்டர் இன்ஜினைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். நம் காலை யார் அடக்குவது? அமெரிக்காவில் ராம் கம்பெனியின் பெரிய கம்மின்ஸ் டீசல் பிக்கப்பிலும் இதே கதை நடந்தது. 2018 மாடலில் மேனுவலுக்கு 660 பவுண்டு-அடி (அங்கே டார்க்கை அளக்கும் அலகு), ஆட்டோவுக்கு 800, அதற்கும் மேலே இன்னொரு கனத்த ஆட்டோவுக்கு 930. அந்த வருடத்தோடு மேனுவலை நிறுத்தியும் விட்டார்கள். ஃபோர்டு அதற்கு முன்பே, 2010 மாடலோடு விட்டுவிட்டது.

வி-கிராஸில் இந்தப் பாரபட்சம் கிடையாது. 1.9 லிட்டர், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். எந்த கியர்பாக்ஸ் எடுத்தாலும் அதே கணக்கு. அதனால் அங்கே தீர்ப்பு வேறு மாதிரி போகும்.

இப்போது மலைக்கு வருவோம். டீசல் இன்ஜினுக்கு வசதியான ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்கிற அளவு, ரொம்பக் குறுகல். ஏறக்குறைய 1,500-க்குக் கீழே டர்போ தூங்கும். வளைவில் வேகம் குறைந்து, இரண்டாவது கியரில் வண்டி திணறும். முதல் கியருக்கு மாறுகிற அரை நொடியில் வண்டி நின்றே போகும். அப்புறம் என்ன செய்வோம்? பாதி கிளட்ச்தான். நானும் செய்திருக்கிறேன். பத்து வருடத்துக்கு முன்பு, பழைய பிக்கப் ஒன்றில் சிமென்ட் மூட்டைகளோடு ஏற்காடு ஏறினேன். எதிரே பஸ் வந்ததால் வளைவின் வயிற்றிலேயே நின்று, பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் எடுத்தேன். மூன்றாவது தடவை கேபினுக்குள் கருகிய வாடை வந்தது. கிளட்ச் பிளேட் தீய்ந்தால் வரும் வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. தப்பு என்னுடையதுதான், வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதே இடத்தில் ஆட்டோ என்றால் பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் போதும். வண்டி நகரத் தொடங்கும்போது டார்க் கன்வர்ட்டர் இழுவையைக் கூட்டித் தரும். சூடு அங்கேயும் உண்டு, ஆனால் பிளேட்டில் இல்லை, ஆயிலில். அதைக் கூலர் தணித்துவிடும். கியர் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். மூட்டை ஏற்றுகிறவருக்கு அது பொருந்தாது.

ஏறுவதில் ஆட்டோ ஜெயித்தது. சரி, இறங்குவதில்?

மலை ஓட்டுகிற டிரைவர்கள் சொல்வது ஒரே பாடம்: ஏறின கியரிலேயே இறங்கு. டீசலுக்கு இது இன்னும் முக்கியம். பெட்ரோல் இன்ஜினில் காலை எடுத்தால் காற்று வரும் வழி அடைபட்டு வண்டியைப் பிடித்து இழுக்கும். டீசல் காற்றைத் தாராளமாக உள்ளே விடுவதால் அந்தப் பிடி குறைவு. அதனால்தான் லாரிக்கும் பஸ்ஸுக்கும், புகை போகும் வழியை அடைத்து வண்டியைப் பிடிக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் தனியாக வைக்கிறார்கள். மேனுவல்காரர் பழக்கத்தில் இரண்டாவது கியரைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இறங்கிவிடுவார். ஆட்டோக்காரர் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் 'டி'யில் லீவரை விட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். அடிவாரம் வரும்போது சக்கரத்துக்குள்ளிருந்து புகை. ஆட்டோவிலும் லீவரைப் பக்கவாட்டில் தள்ளி கியரைக் கையால் குறைக்க முடியும். ஆனால் வாங்கியவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் கையைக் கொண்டு போயே நான் பார்த்ததில்லை.

மண்ணில் ஆட்டோவுக்கு என் ஓட்டு. தேரிக்காட்டுச் செம்மணல் மாதிரி இடத்தில் கியர் மாற்றக் கிளட்சை மிதித்த கணமே வண்டி புதைந்துவிடும். ஓடைத் தண்ணீரிலும் அதுவே நல்லது, நடுவில் இன்ஜின் அணைந்துபோகிற பயம் குறைவு. பாறைச் சரிவில் அங்குலம் அங்குலமாக இறங்க மட்டும், லோ ரேஞ்சில் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் கூடுதலாக இருக்கும் மெதுவான கியர்) முதல் கியர் போட்ட மேனுவலின் பிடிக்கு ஈடில்லை. லோ ரேஞ்ச் கியர் இழுவையைச் சுமார் இரண்டரை மடங்காக்கும். இன்னொன்று, மேனுவல் வைத்திருப்பவர் சுமையோடு செங்குத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது லோ ரேஞ்ச் போட்டுக்கொண்டால் கிளட்ச் பிழைக்கும். என் ஏற்காட்டு வண்டியில் அது இல்லை.

செலவுக் கணக்கு சுருக்கமாக. கிளட்ச் தேயும், ஆனால் சேந்தமங்கலம் மெக்கானிக்கே வண்டியை ஜாக்கியில் தூக்கி மாற்றிவிடுவார். ஆட்டோ கியர்பாக்ஸ் எளிதில் கெடாது, கெட்டால் கட்டி இழுத்துக்கொண்டு போவதுகூட வம்பு. இன்ஜின் ஓடினால்தான் உள்ளே ஆயில் பம்ப் ஓடும். சக்கரம் தரையில் உருள இழுத்தால் உள்ளே வறண்டுபோய்த் தேயும், மேலே ஏற்றிக்கொண்டு போகிற வண்டிதான் வர வேண்டும். மைலேஜில் ஆட்டோ கொஞ்சம் கூடக் குடிக்கும்.

ஆக சித்தப்பாவிடம் சொன்னது இதுதான்: ஹைலக்ஸ் என்றால் ஆட்டோ. காசு கொடுத்து வாங்குகிற இன்ஜினில் 80 நியூட்டன் மீட்டரை ஷோரூமிலேயே விட்டுவிட்டு வர வேண்டாம். வி-கிராஸ் என்றால் மேனுவல். அங்கே டார்க்கில் இழக்க ஒன்றுமில்லை, மிச்சமாகும் பணத்தில் இரண்டு கிளட்ச் செட் வாங்கலாம்.

ஹைலக்ஸ் ஆட்டோவை ஓட்டிப் பார்க்கப் போனோம். முதல் சிக்னலில் இடது கால் பழக்கத்தில் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதித்தார். சேல்ஸ் தம்பியின் நெற்றி முன் சீட்டில் போய் இடித்தது. சித்தப்பா ஒன்றும் பேசாமல் இடது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், காலை மடித்து சீட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டார். அப்புறம் லீவரைத் தட்டிக் காட்டி, "கண்ணு, இறங்கறப்ப இதை எந்தப் பக்கம் தள்ளணும்னு சொன்னே?" என்றார். மூன்றாவது நாள் முன்பணம் கட்டினார்.